மண்ணின் உடும்புப் பிடி

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டமும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டமும் தோளோடு தோள் உரசும் இடத்தில் இருக்கிறது விஜயபுரம் மண்டலம். கடைப் பலகைகளில் தெலுங்கு, திண்ணைப் பேச்சில் பாதிக்குப் பாதி தமிழ். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோது போட்ட எல்லைக்கோடு இந்தப் பக்கத்து ஊர்களைப் பிரித்தது. கோடு மொழியைப் பார்த்துப் போடப்பட்டது. மண்ணைப் பார்த்துப் போட்டிருந்தால் அது வேறு எங்கெங்கோ வளைந்து நெளிந்து போயிருக்கும்.

ஏனென்றால் இந்த வட்டாரத்தில் மலையடியிலிருந்து ஏரிக்கரைவரை நடந்தாலே மூன்று மண்ணை மிதித்துவிடலாம். மலையடியில் சரளை. அதற்குக் கீழே மாந்தோப்பும் வேர்க்கடலையும் நிற்கும் செம்மண். இன்னும் கீழே, ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் களி. மூன்று நிலத்துக்கும் மருந்து ஒரே கடையிலிருந்துதான் வருகிறது. அடிப்பதும் ஒரே ஸ்பிரேயர். ஆனால் தெளித்த மருந்துக்கு மூன்று இடத்திலும் மூன்று விதமான கதி.

'மருந்து வெயிலில் செத்துப்போகும், மிச்சம் மழையில் போய்விடும்' என்பது விவசாயிகளிடம் பரவலாக உள்ள நம்பிக்கை. கொஞ்சம் வெயிலில் சிதைவது உண்மை. கொஞ்சம் நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் உண்மை. சிக்கல் 'போய்விடும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. எங்கே போகும்? மண் பிடித்துக்கொண்டால் நிலத்திலேயே தங்கும். பிடிக்காவிட்டால் கிணற்றுக்குப் போகும். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒரு கிராமம் குடிக்கும் தண்ணீரின் யோக்கியதை முடிவாகிறது.

பிடியைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போனால் போதும். மீந்த சாம்பாரைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் டப்பா மஞ்சளாகிவிடும். எவர்சில்வர் தூக்கில் அந்தத் தொல்லை இல்லை. மஞ்சளின் நிறப்பொருளுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்ப் பசை பிடிக்கும். பிளாஸ்டிக் அதற்குத் தோதான இடம் என்பதால் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. டிடிடி, பிஎச்சி, எண்டோசல்ஃபான் போன்ற குளோரின் ஏற்றிய மருந்துகளின் குணமும் இதுதான். மண்ணில் அவற்றுக்குப் பிளாஸ்டிக் டப்பாவாக அமைவது மட்கு. இலை, தழை, வேர், சாணம் எல்லாம் அழுகி, கறுத்து, மண்ணோடு மண்ணாகிப்போன பொருள்.

அமெரிக்காவில் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி சியோவும் சக ஆய்வாளர்களும் 1979இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். தண்ணீரை வெறுக்கும் ரசாயனங்கள் மண் துகளின் மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. எண்ணெயில் கரைவதைப்போல மட்கிற்குள் கரைகின்றன என்பதுதான் அவர்கள் வாதம். அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த கரிக்காஃப் குழுவினர் ஆற்று வண்டலை ஆராய்ந்து, பிடிமானம் அதிலுள்ள கரிமச்சத்தின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் கரிமத்தின் மேல் உள்ள மோகத்துக்கு ஒரு எண். அதை மண்ணில் எத்தனை சதவிகிதம் கரிமம் என்பதோடு பெருக்க வேண்டியதுதான்.

நம் பக்கத்துச் செம்மண்ணை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மானாவாரிச் செம்மண்ணில் கரிமச்சத்து அரை சதவிகிதத்தைத் தொடுவதே அபூர்வம். 0.4 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மண்ணை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, அதில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போடும் களைக்கொல்லியான அட்ரசினைச் சேர்த்தால், மண் பிடித்துவைப்பது கிட்டத்தட்ட 30 சதவிகிதம். மீதி தண்ணீரில். அதே மண்ணில் கரிமம் ஒரு சதவிகிதமாக இருந்தால் பாதிக்குப் பாதி. ஃபுரடான் குருணை இன்னும் மோசம். அதற்குத் தண்ணீர்மேல்தான் பிரியம் என்பதால், செம்மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரோடு போய்விடும். எண்டோசல்ஃபான் நேர் எதிர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மண்ணோடு தங்கும். டிடிடியோ ஆயிரத்தில் ஒன்றைக்கூடத் தண்ணீருக்கு விட்டுக்கொடுப்பது சந்தேகம். இது ஆய்வகக் கணக்கு. வயலில் மழையும் நேரமும் எலி வளையும் குறுக்கே வரும். ஆனால் போகும் திசை மாறாது.

இன்னொரு விஷயம். மட்கு இருப்பது மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான். அதற்குக் கீழே கரிமம் சரசரவென்று குறைந்து, சரளைக்கும் பாறைச் சிதைவுக்கும் போனால் அநேகமாக இல்லை என்றே ஆகிவிடுகிறது. மேல் சாணைத் தாண்டிய மருந்துக்குப் பிறகு தடை சொல்ல யாரும் இல்லை. மழைக்கு முதல் நாள் மருந்து அடிப்பதும், ஸ்பிரேயரைக் கிணற்று மேட்டில் கழுவுவதும் ஏன் இவ்வளவு பெரிய தவறு என்பது இங்கே விளங்கும். மண்ணின் பிடி எவ்வளவு பலமாக இருந்தால் என்ன? அந்த மண்ணைத் தொடாமலே மருந்து கிணற்றில் இறங்கிவிடுகிறது.

மட்கு இல்லாத மண் எல்லாம் கையாலாகாதது என்றும் சொல்லிவிட முடியாது. மின்னேற்றம் உள்ள ரசாயனங்கள் வேறு சாதி. களிமண் துகளுக்கு எதிர் மின்னேற்றம். நேர் மின்னேற்றம் கொண்ட பாராகுவாட் அதன்மேல் பட்ட மாத்திரத்தில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். கரிசல் மண்ணின் களி ஏடு ஏடாக விரிவது. பாராகுவாட் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் வெளியே எடுப்பதே பெரும்பாடு. செம்மண்ணின் களி அப்படி விரியாது. ஆனால் அதற்குச் சிவப்பைக் கொடுக்கும் இரும்பு ஆக்சைடு கிளைஃபோசேட்டை இறுகப் பற்றும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கிளைஃபோசேட் உட்காரும் அதே நாற்காலிக்குப் பாஸ்பேட்டும் போட்டி போடுகிறது. டிஏபியைத் தாராளமாக இறைத்த நிலத்தில் களைக்கொல்லிக்கு இடம் குறைந்து அது நழுவக்கூடும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உரக்கடைக்காரர் இரண்டையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுக்கிறார்.

அப்படியானால் இறுகப் பிடிக்கும் மண்தான் நல்ல மண்ணா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பூமியின் மறுபக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது தற்செயல்.

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு 1853 தொடங்கி புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலிகள் போனார்கள். கரும்பு வெட்டப் போனவர்களின் சந்ததிக்குத் தமிழ் மறந்துவிட்டது, மாரியம்மன் மறக்கவில்லை. குவாதலூப்பின் காப்பெஸ்தேர் ஊருக்கருகே சாங்ஜி என்ற இடத்தில் இருக்கும் அம்மன் கோயில் தீவு முழுக்கப் பிரசித்தம். அதைச் சுற்றியுள்ள பூமி இன்று வாழைப் பூமி. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க இந்த இரு தீவுகளிலும் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற மருந்தை வாழையடியில் போட்டார்கள். அமெரிக்காவில் இதைத் தயாரித்த ஹோப்வெல் நகரத் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கத் தொடங்கி, 1975இல் ஆலையை இழுத்து மூடினார்கள். பிரான்சு 1990இல் தடை செய்தது. தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விதிவிலக்கு தந்தது.

மருந்து நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மண் இன்னும் விடவில்லை. 2013-14இல் இரு தீவுகளிலும் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்டெகோன் இருந்தது. ரத்தத்தில் இதன் அளவு கூடுதலாக உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயமும் கூடுவதாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. ஓடைகள் கெட்டு, கடலோரத்தில் பல இடங்களில் மீன் பிடிக்கத் தடை. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் கிரிமினல் வழக்கைத் தள்ளுபடி செய்ததும் தீவுகள் கொதித்தன.

மண் விஷயத்தில் இந்தத் தீவுகள் ஒரு பாடப்புத்தகம். எரிமலைத் தீவுகள் என்றாலும் மண் ஒரே மாதிரி இல்லை. மலைச்சரிவின் மேலே இருப்பது ஆண்டசால் எனப்படும் இளம் எரிமலை மண். கரிமம் மிகுந்தது. அதன் களி கடற்பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. கீழே வந்தால் ஃபெரல்சால், நிட்டிசால் என்று சொல்லப்படும் சிவந்த மண்கள். கபிதோஷ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குழு 2009இல் போட்ட கணக்குப்படி, மழை நீர் மட்டுமே கழுவ வேண்டுமென்றால் நிட்டிசால் சுத்தமாகப் பல பத்தாண்டுகள் போதும். ஃபெரல்சாலுக்கு நூற்றாண்டுகள் தேவை. ஆண்டசாலுக்கு ஐநூறு ஆண்டுகளுக்கும் மேல். ஒரே மருந்து, ஒரே பயிர். மண் மாறியதும் தண்டனைக் காலம் பத்து மடங்கு வித்தியாசப்படுகிறது.

இதைவிட ஆச்சரியம் அடுத்தது. விஷம் அதிகமாகத் தேங்கி நிற்பது ஆண்டசாலில். ஆனால் அதில் விளையும் கிழங்குகளுக்கு ஏறுவது குறைவு. விஷம் குறைவாக உள்ள நிட்டிசாலில் பயிருக்குப் போவது கூடுதல், ஓடைக்குப் போவதும் கூடுதல். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுபவர்களையும் நிம்மதி அடைபவர்களையும் இது ஒருசேரக் குழப்புகிறது. இறுகப் பிடிக்கும் மண் வாய்க்கு வராமல் காக்கிறது. ஆனால் பேரன் பேத்திகளின் காலம்வரை காக்கிறது. விட்டுவிடும் மண் தன்னைச் சீக்கிரம் சுத்தப்படுத்திக்கொள்கிறது. அந்த அழுக்கைக் குடிப்பவர் பள்ளத்தில் இருப்பவர்.

கடைசியில் அங்கே விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்த வைத்தியங்களில் ஒன்று நம் விவசாயிகளுக்குப் பழக்கமானது. மண்ணில் தொழு உரம்போல மட்கிய எருவைக் கலந்தபோது பயிருக்கு ஏறும் விஷம் குறைந்தது. விஷம் அழியவில்லை. பிடி மட்டும் இறுகியது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் 1990களில் வலியுறுத்திய விஷயமும் இங்கே சேரும். நாளாக ஆக ரசாயனம் மண் துகளின் இன்னும் நுண்ணிய மூலைகளுக்குள் போய்விடுகிறது. ஆய்வகத்தில் வீரியமான கரைப்பானைப் போட்டு இழுத்தால் வெளியே வரும். மண்புழுவின் வயிற்றுக்கு வராது. பழைய விஷமும் புது விஷமும் அளவில் ஒன்றாக இருந்தாலும் ஆபத்தில் ஒன்றல்ல. ரசாயனக் கம்பெனிகளின் வக்கீல்கள் இந்தக் கண்டுபிடிப்பை விரும்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பிடித்துக்கொண்டதெல்லாம் அசையாது என்று நம்பிக் கெட்ட கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மண்ணில் ஒட்டும் மருந்து, தண்ணீரில் கரையாது, ஆகவே குடிநீருக்கு ஆபத்தில்லை. காகிதத்தில் சரியான வாதம். ஆனால் அது குன்றும் சரிவுமான வெட்டுக்கல் பூமி. தென்மேற்குப் பருவமழை அடித்தால் செந்நீராக ஓடும். மருந்து தண்ணீரில் கரைய வேண்டிய அவசியமே இல்லை. தான் ஒட்டியிருந்த மண் துகளோடு சவாரி செய்து, பள்ளத்திலிருந்த ஓடைக்கும் சுரங்கக் குடிநீருக்கும் வந்தது. மண்ணில் கொஞ்சம் சிதைந்தாலும் எண்டோசல்ஃபான் சல்ஃபேட் என்று உருமாறுகிறது. அது தாயைப் போலவே நஞ்சு, தாயைவிட நீண்ட ஆயுள். அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2001இல், கடைசித் தெளிப்பு முடிந்து மாதங்கள் பல கழித்துப் போய்ச் சோதித்தபோதும் பாத்ரே கிராமத்துத் தண்ணீரிலும் பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்திலும் அது இருந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்ச ரூபாய் தரச் சொல்லி 2017 ஜனவரியில் உத்தரவிட்டது.

போபாலிலும் இதே பாடம், வேறு மண். யூனியன் கார்பைடு ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவை 2025இல் பீதம்பூருக்கு லாரிகளில் கொண்டுபோய் எரித்து முடித்தார்கள். ஆலையைச் சுற்றிக் கெட்டுப்போன மண் 11 லட்சம் டன் என்பது 2010இல் அரசு ஆய்வு நிறுவனங்கள் சொன்ன கணக்கு. அதை எந்த லாரியில் ஏற்றுவது?

மீண்டும் சித்தூர்ப் பக்கம். இங்கே ஹெலிகாப்டர் வரவில்லை, விஷவாயு கசியவில்லை. வேர்க்கடலையில் கம்பளிப்புழு விழுந்த காலங்களில் பிஎச்சி பவுடரைக் கோணிப்பையில் போட்டு உதறித் தூவினார்கள். விவசாயத்துக்கு டிடிடி 1989இலும் பிஎச்சி 1997இலும் தடையாகிப்போயின. பவுடரைத் தூவிய கைகள் பல இன்று இல்லை. பவுடரில் ஒரு பங்கு எங்கே இருக்கும் என்பதற்குக் காசர்கோடு விடை சொல்லிவிட்டது. மேட்டுச் செம்மண்ணிலிருந்து மழைதோறும் அரித்துவரும் நுண்ணிய களியும் மட்கும் சேருமிடம் ஏரி. மருந்துக்குப் பிடித்தமான துகள்கள் எல்லாம் அங்கேதான் படிகின்றன.

அந்த ஏரி வண்டல்தான் செம்மண்ணுக்கு மருந்து என்பது சிக்கலைக் கூட்டுகிறது. கோடையில் ஏரி வற்றினால் வண்டியில் வண்டல் அடிப்பது பழைய வழக்கம். இன்று வண்டிக்குப் பதில் டிராக்டர். ஆந்திரத்தில் 2015இல் வந்த நீரு-செட்டு, தமிழ்நாட்டில் 2017இல் வந்த குடிமராமத்து என்று அரசுத் திட்டங்களும் சேர்ந்துகொண்டன. வண்டல் போட்ட செம்மண்ணில் களி கூடும், மட்கு கூடும், ஈரம் நிற்கும். அட்ரசினும் ஃபுரடானும் கிணற்றுக்கு நழுவுவது குறையும். மேற்படி கணக்குப்படி கரிமம் 0.4இலிருந்து ஒன்றுக்கு ஏறினால் அட்ரசினில் தண்ணீருக்குப் போகும் பங்கு எழுபதிலிருந்து ஐம்பதாகிறது. இவ்வளவு மலிவான வடிகட்டியை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. ஆனால் வண்டலோடு நாற்பது ஆண்டு மருந்தின் மிச்சமும் மேட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு ஆளில்லை.

பொதுவான ஏரிகளில் பயத்தைவிடப் பயன்தான் அதிகம் என்று சொல்லலாம். பழைய மிச்சம் நாள்பட்டு இறுகியது, பரவலாகத் தூவப்பட்டு நீர்த்தது. நிலக்கடலை, முள்ளங்கி, கிழங்கு என்று மண்ணுக்குள்ளேயே விளைவதைப் போடுமுன் மட்டும் யோசிக்கலாம். எல்லா நீர்நிலைக்கும் இந்தச் சமாதானம் பொருந்தாது. நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் உண்டு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களுக்கும் களிமண்ணுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று விரட்டும். சாயம் மண்ணில் நிற்காமல் நிலத்தடி நீருக்கு இறங்கும், அல்லது ஓடும் நீரோடு போகும். நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றோடு பூண்டி ஏரியில் கலக்கிறது. பூண்டித் தண்ணீர் சென்னையின் குழாயில் வருகிறது. சாயக் கழிவு விழும் குட்டையின் சேற்றை வண்டல் என்று நினைத்து அள்ளுவது விபரீதம்.

2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. மருந்தின் மிச்சத்துக்கு வரி இல்லை. வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் அட்டையை எடுத்துக் கரிமச்சத்துக்கு நேரே பார்த்தால், அரை சதவிகிதத்துக்குக் கீழே இருப்பதற்கு 'குறைவு' என்று போட்டிருக்கும். எவ்வளவு யூரியா போடலாம் என்று பார்க்கத்தான் விவசாயி இதுவரை அந்த வரியைப் படித்திருக்கிறார். கிணற்றைப் பற்றியும் அந்த வரி பேசுகிறது என்று அட்டையைக் கொடுத்தவர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஏரி வற்றும் மாதங்களில் கரையோரம் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். எத்தனை லோடு, லோடுக்கு என்ன வாடகை, யாருடைய அனுமதி என்று மூன்று விஷயங்கள் மட்டும் அங்கே பேசப்படும். ஒரு கைப்பிடி வண்டலைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப, முதல் டிராக்டர் கிளம்புவதற்கு முன்பே நேரம் இருக்கிறது.